மேலத்தெருவின் அறுபதடி

அக்டோபர் 4, வெள்ளி

செவல்கோட்டைக்கு மாலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தேன். பேருந்து அகழிக்கு வெளியே நின்றுவிடுகிறது. அகழி என்பது இப்போது கருவேலமும் எருக்கும் மண்டிய பள்ளம். அதன் மேல் ஒரு சிமெண்டுப் பாலம். கோட்டை வாசல் நேராக இல்லை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி, பத்து எட்டு வைத்து, மறுபடி வலப்பக்கம் திரும்ப வேண்டும். யானையை ஓடவிட்டுக் கதவை உடைக்க முடியாதபடி கட்டிய வளைவு. இன்று அதில் ஒரு பால் வண்டி மாட்டிக்கொண்டது. பின்னால் நடந்து வந்தவர்கள் கால் மணி நேரம் காத்திருந்தோம்.

தங்குவதற்குக் கூட்டுறவுச் சங்கத்தின் மாடி அறை. மின்விசிறி ஓடுகிறது. மேலத்தெருவில் ஆவுடையம்மாள் என்பவர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும் என்று ஜெபராஜ் ஏற்பாடு செய்திருக்கிறார். ஜெபராஜ் கல்லூரியில் என்னிடம் படித்தவர். இப்போது பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர்.

வேலை இதுதான். கோட்டையின் மண் மதிலில் மேற்குப் பக்கம் அறுபதடி நீளத்துக்கு ஆறு வருடங்களுக்கு முன் சோதனையாகச் சிமெண்டு பூசினார்கள். அது எப்படி நிற்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். நன்றாக நிற்கிறது என்று கையெழுத்திட்டால் மதில் முழுவதற்கும் சிமெண்டு பூசத் தொடங்குவார்கள். இருபதாம் தேதிக்குள் அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.

ஆவுடையம்மாள் இட்லி கொண்டுவந்தார். நாற்பதைத் தாண்டியவர். பீடி சுற்றுகிறார், நகங்களில் புகையிலைக் கறை.

“முன்னால இங்க வந்திருக்கியளா மேடம்?”

“ஒரு தடவை. அரை நாள்.”

“எப்பம்?”

நினைவில்லை என்றேன்.

அக்டோபர் 5, சனி

காலை முழுவதும் ஊரைச் சுற்றி நடந்தேன். நான்கு தெருக்கள், நான்கும் மதிலை ஒட்டி வளைந்து போகின்றன. எந்த முனையில் நின்றாலும் மறு முனை தெரியாது. எதிரியின் அம்பு நேராகப் பாயக் கூடாது என்று வளைத்தார்களாம். தேநீர்க் கடைக்காரர் சொன்னார். மழைத் தண்ணீர் ஓடிய வழியில் தெரு போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மதில் பதினெட்டடி உயரம், அடியில் ஏழடி கனம். எட்டுக் கொத்தளங்களில் ஐந்து நிற்கின்றன. தெற்குக் கொத்தளத்தின் அம்புத் துளை வழியாகக் கேபிள் டிவி ஒயர் வெளியே போகிறது. வாசல் கல்வெட்டில் மூன்று எழுத்துகள் மிச்சம். கருப்பட்டியும் முட்டையும் குழைத்துக் கட்டிய மதில் என்று ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். மத்திய காலத்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்வதெல்லாம் ஆசை.

ஒவ்வொரு தெருவுக்கும் எதிரே உள்ள மதில் அந்தத் தெருவின் ‘கட்டு’. ஐப்பசி மழை பிடிக்கும் முன் அந்தந்தத் தெருக்காரர்கள் தங்கள் கட்டுக்கு மட்டும் புது மண் பூசுவார்கள். அடுத்த தெருவின் கட்டைத் தொடுவதில்லை. இதற்கு மண் சாத்து என்று பெயர். இந்த வருடம் பதினேழாம் தேதி. மறுநாள் கோட்டைவாசல் அம்மனின் சப்பரம் சுற்றி வரும்.

மாலையில் சிமெண்டைத் தேடிப் போனேன். அது மேற்குக் கொத்தளத்திலிருந்து நூற்றுப் பத்தடி தள்ளித் தொடங்க வேண்டும். ஆணியில் டேப்பை மாட்டி அளந்து, சரியாக அந்த இடத்தில் போய் நின்றேன்.

மண். மற்ற கட்டுகளைவிட வழவழப்பாக, அழகாக.

அக்டோபர் 6, ஞாயிறு

மேலத்தெருவுக்குப் பெரியவர் வெயிலுமுத்து. அறுபத்தைந்து இருக்கும். மண் சாத்து முறை அவர் பொறுப்பு. தேநீர்க் கடையில் அவரிடம் நேராகவே கேட்டேன்.

“சிமெண்டா? இங்கயா?” என்றார். “கோட்டை பெருசு மேடம். வேற பக்கம் பூசியிருப்பாவ.”

“மேலத்தெரு என்றுதான் அறிக்கையில் இருக்கிறது.”

பெஞ்சில் இருந்த ஒருவர், “அரசாங்கம் பூசுன சிமெண்டு பில்லுல இருக்கும் மேடம். அதப் போயி சுவத்துல தேடுனா எப்படி?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெயிலுமுத்து சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணி துவைத்தேன். காய்வதற்குள் தூறல்.

அக்டோபர் 7, திங்கள்

தெருவின் அகலத்தை அளந்தேன்: மதிலிலிருந்து எதிர் வீட்டுச் சுவர் வரை, நெஞ்சு உயரத்தில், நான்கு இடங்களில். ஆறு வருடங்களுக்கு முந்தைய அறிக்கையிலும் இதே நான்கு இடங்களின் அளவுகள் இருக்கின்றன. மூன்று இடங்களில் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. நான்காவது இடம் ஆவுடையம்மாள் வீட்டுக்கு நேர் எதிரே. அறிக்கையில் ஒன்பதடி நாலங்குலம். இன்று எட்டடி இரண்டங்குலம்.

பழைய அளவு அவசரத்தில் எடுத்ததாக இருக்கலாம். அன்று வெயில் கடுமை.

அக்டோபர் 8, செவ்வாய்

வேறு டேப்பால் அளந்தேன். எட்டடி இரண்டங்குலம்.

அக்டோபர் 9, புதன்

மதிலின் அடியில், ஆடு கொம்பால் முட்டிப் பெயர்த்த ஓர் ஓட்டையில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. விரலால் நெம்பினேன். கட்டில் நாடா. நைலான் கட்டிலுக்குப் பின்னுகிற நாடா, குறுக்கும் நெடுக்குமாக, மண்ணுக்குள்ளே.

ஆவுடை வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“பாத்துட்டியளா?”

“பார்த்துவிட்டேன்.”

“எங்க வீட்டுக் கட்டில்தான் அது. எங்க வீட்டுது ரெண்டு, வெயிலுமுத்து அண்ணாச்சி வீட்டுது மூணு. தெருவுல ஒரு வீட்டுலயும் இப்பம் நாடாக் கட்டில் கெடையாது. எல்லாரும் தரையிலதான் படுக்கோம்.” சிரித்தார். பிறகு, “எழுதிராதிய மேடம். அரசாங்கச் சுவரக் கெடுத்தோம்னு கேசு போட்டுருவாவன்னு அண்ணாச்சி பயந்து கெடக்காவ” என்றார்.

விவரம் அவர் சொன்னபடி. சப்பரம் வரும்போது ஒவ்வொரு தெருவின் மதிலிலும் பூசாரி புது மண்ணில் உள்ளங்கையை அழுத்துவார். கை பதிந்தால் சப்பரம் அந்தத் தெருவில் நின்று ஆராதனை காட்டும். பதியாவிட்டால் நிற்காமல் போகும். சிமெண்டு பூசிய வருடம் பூசாரியின் கை பதியவில்லை. “சப்பரம் எங்க வாசல நிக்காம தாண்டிப் போச்சு மேடம். பொம்பளைய எல்லாரும் தேங்காத் தட்ட வச்சுட்டு நின்னோம். கீழத்தெருக்காரன் சீட்டியடிச்சான்.”

மறுவருடம் சிமெண்டின் மேலேயே மண் பூசினார்கள். ஒட்டவில்லை. சிமெண்டைக் கொத்தி, பனைமட்டை ஆப்பு அடித்து, ஆப்புகளில் கட்டில் நாடாவை இழுத்துக் கட்டி, அதன் மேல் பூசினார்கள். ஒட்டிக்கொண்டது. மற்ற தெருக்களில் பூசிய மண்ணை அந்தந்த வருட மழை கரைத்துக்கொண்டு போய்விடும். இங்கே நாடா பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் புது நாடா, புது மண்.

“எந்த மகராசன் சிமெண்டு பூசச் சொல்லி எழுதுனானோ” என்றார் ஆவுடை.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

மனம் லேசானது. தெரு குறுகியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஐந்து பூச்சுகளின் கனம்தான்.

மதியம் அதைச் சரிபார்க்க மெல்லிய கம்பியை மண்ணில் குத்திச் சிமெண்டில் முட்டும்வரை செலுத்தினேன். பன்னிரண்டு இடங்களில். எங்கும் எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை.

தெரு குறுகியிருப்பது பதினான்கு அங்குலம். எட்டு போக ஆறு.

ஜெபராஜ் கூப்பிட்டார். “எப்படி மேடம் நிக்குது நம்ம சாம்பிள்?” பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அடுத்த மாதம் கல்லூரியில் துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் போகிறதாமே என்று விசாரித்து, முன்கூட்டியே வாழ்த்தும் சொன்னார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் டேப்புக்கும் தூக்குக் குண்டுக்கும் ஆவுடை சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். தடுக்கவில்லை. பொரியும் சுண்டலும். இரவு மழை பெய்திருக்கிறது. காலையில் எழுந்தபோது தெரு நனைந்திருந்தது.

அக்டோபர் 12, சனி

தூக்குக் குண்டை மதில் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். நூல் நடுவில் மண்ணில் உரசுகிறது. நெஞ்சு உயரத்தில் மதில் தெருப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. ஆறு அங்குலம்.

ஆடு பெயர்த்த ஓட்டையில், சிமெண்டில் அடித்திருந்த பழைய ஆப்பு ஒன்றைப் பிடுங்கி, அந்தத் துளை வழியாக இரும்புக் கம்பியை விட்டேன். உலர்ந்த மண் மதிலில் கம்பி அரை அடி போவதற்குள் கை வலிக்க வேண்டும். ஒரு முழம் தடையில்லாமல் போனது. வெளியே எடுத்தபோது கம்பியில் ஒட்டியிருந்தது தோசை மாவு போல இருந்தது.

மண் மதில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் தண்ணீர் குடிக்கும். வெயிலில் தன் தோல் வழியாகவே உலர்ந்துகொள்ளும். அந்தத் தோலைச் சிமெண்டால் மூடியாகிவிட்டது. ஆறு மழைக்காலத்துத் தண்ணீர் உள்ளே இருக்கிறது. மேலே எட்டங்குல ஈரமண் வேறு தொங்குகிறது. எதிரே ஆறு வீடுகள், பத்தொன்பது பேர். மதில் பதினெட்டடி, தெரு எட்டடி.

நாட்குறிப்பில் சுற்றி வளைத்து என்ன பயன். ஆறு வருடங்களுக்கு முன் இந்த ஊருக்கு அரை நாள் ஜீப்பில் வந்து, நான்கு இடங்களில் அளந்து, அறிக்கை எழுதியவள் நான். “ஆண்டுதோறும் மண் பூசும் வழக்கத்துக்குப் பொறியியல் அடிப்படை ஏதும் இல்லை, சிமெண்டுப் பூச்சு பரிந்துரைக்கப்படுகிறது.” அது என் வாக்கியம். எழுதிய அன்று அது எனக்குப் பிடித்திருந்தது.

அறிக்கையில் என் பெயர் இல்லை. எங்கள் கல்லூரித் துறையின் பெயர்தான் இருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

வெயிலுமுத்து வீட்டுக்குப் போய், இந்த வருடம் அந்த அறுபதடியில் மண் பூச வேண்டாம், எதிர் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றேன். வழக்கு எதுவும் வராது என்றும் சொன்னேன்.

“சுவரு நாங்க பூசுனதுனால கெட்டுப்போச்சுங்கியளா?”

“இல்லை. சிமெண்டால்.”

“அப்பம் சிமெண்டு பூசச் சொன்னவனக் கூட்டியாங்க. அவன் வந்து சொல்லட்டும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாளை வருகிறேன் என்று எழுந்துவந்தேன்.

மழை.

அக்டோபர் 14, திங்கள்

எட்டடி ஓரங்குலம்.

மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். எழுத்தில் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். எழுத்தில் அனுப்பினேன். ஜெபராஜ் பதறிக் கூப்பிட்டார். “இருபதாம் தேதிவரை பொறுக்கலாமே மேடம். மழை நின்னா காஞ்சிரும்.” எது காயும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு நான் நடத்திய பாடத்தில் அது இல்லை.

மாலையில் ஆவுடை குழம்பு கொண்டுவந்தார். அவருடைய மகள் பிரசவத்துக்காக அடுத்த வாரம் வருகிறாளாம். தெருப்பக்கத்து அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். காற்று நன்றாக வரும் என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

கோயில் முன்னால் மேலத்தெருவைக் கூட்டச் சொன்னேன். நாற்பது பேர்போல வந்தார்கள். நான் முடிப்பதற்குள் ஓர் இளைஞர் எழுந்தார்.

“மண்ணு வைக்காட்டி வெள்ளிக்கிழம சப்பரம் நிக்காது. அதுக்குத்தான இந்த நாடகம்? கீழத்தெருவுல எவன் உங்களுக்குச் சொல்லிவிட்டான்?”

“ஏலே, உக்காருலே. அவிய பேசி முடிக்கட்டும்” என்றார் ஆவுடை.

பையிலிருந்து பழைய அறிக்கையை எடுத்து அந்த வாக்கியத்தைப் படித்தேன். என் குரல் வகுப்பில் இருப்பதைவிடச் சின்னதாக இருந்தது.

“யாரு எழுதுனது அது?” என்றார் வெயிலுமுத்து.

“நான்.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

“கருப்புக் கொடை பிடிச்சிக்கிட்டு ஜீப்புல வந்தது நீங்கதானா?”

“ஆமாம்.”

“அன்னைக்கு வெயிலா இருக்கேன்னு நான் ஒங்களுக்கு மோரு கொண்டாந்தேன். நேரமில்லன்னு சொல்லிட்டுப் போனிய.”

எனக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதையும் சொன்னேன்.

“அன்னைக்குத் தப்பாச் சொன்னவிய இன்னைக்குச் சரியாத்தான் சொல்லுதியன்னு எத வச்சு நம்ப?”

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை நான் மற்றவர்களிடம் கேட்டுத்தான் பழக்கம். “என்னை நம்ப வேண்டாம். நீங்களே அளந்து பாருங்கள்” என்று டேப்பை நீட்டினேன்.

அவர் டேப்பை வாங்கவில்லை. மூங்கில் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, ஆவுடை வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே நெஞ்சு உயரத்தில் சிக்கென்று நிற்கும்படி தன் கையாலேயே அறுத்து வைத்தார். “ஒங்க டேப்பு இழுத்தா நீளும். இது நீளாது. காலையில பாப்போம்” என்றார்.

அந்தக் கூட்டத்தில் ஆவுடை என் பக்கம் திரும்பவே இல்லை. இரவுச் சாப்பாடு தூக்குவாளியில் வாசலில் இருந்தது. கதவைத் தட்டவில்லை.

அக்டோபர் 16, புதன்

மூங்கில் வில்லாக வளைந்து நிற்கிறது.

வெயிலுமுத்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆறு வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். மதியத்துக்குள் எல்லோரும் சமுதாயக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். பெட்டி, அண்டா, தையல் இயந்திரம், ஒரு கோழிக் கூண்டு. ஆவுடை கடைசி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“விழலன்னா என்ன செய்விய?” என்றார். நேற்றிலிருந்து என்னோடு பேசிய முதல் வார்த்தை.

“மன்னிப்புக் கேட்பேன்.”

“விழுந்தா?”

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

பிற்பகல் நல்ல வெயில். மதில் அசையவில்லை. தெரு வளைவில் ஆண்கள் கூடி நின்றார்கள். “மேடம், எத்தன மணிக்கு விழும்னு சொன்னியன்னா காப்பி குடிச்சிட்டு வந்துருவேன்.” நான்கு மணி. ஐந்து மணி. ஒரு காகம் வந்து மதில்மேல் உட்கார்ந்து எழுந்து போனது.

விழட்டும் என்று நினைத்தேன். ஒரு தடவை அல்ல. எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

மண் சாத்து. விடிந்ததிலிருந்து கொட்டுச் சத்தம். கண்மாயிலிருந்து டிராக்டரில் மண் வந்தது. வைக்கோல் கலந்து மிதித்தார்கள். பதினொரு மணிக்குக் கீழத்தெரு முடித்துவிட்டது. தெற்குத்தெரு பாதி. மேலத்தெருவும் தன் கட்டின் மற்றப் பகுதிகளைப் பூசிவிட்டது. மிச்சம் அந்த அறுபதடி. ஆனால் பூசாரி கை வைக்கும் இடம் அந்த அறுபதடியின் நடுவில் இருக்கிறது. எத்தனையோ காலமாக அங்கேதான். மாற்ற முடியாது என்கிறார்கள்.

இரண்டு மணிக்கு வெயிலுமுத்து தலையில் துண்டைக் கட்டினார்.

“வீட்டக் காலி பண்ணச் சொன்னிய, பண்ணியாச்சு. கை வைக்க எடத்துல மட்டும் மேலேருந்து கீழ ஒரு கூடை மண்ணு. கால் மணி நேரம். ஏணியக் கொண்டாங்கலே.”

நான் குறுக்கே போய் நின்றேன். “ஐயா, அந்தக் கால் மணி நேரத்தில் விழுந்தால்?”

“ஆறு வருசத்துக்கு முந்தி நீங்க அரை நாள்ல வந்து போனிய. அந்த ஒரு வருசம் சாமி நிக்காமப் போச்சு. அந்த வருசம் என் வீட்டுக்காரி சீக்கா கெடந்தா. வாசல்ல சேருல உக்காத்தி வச்சிருந்தேன், சப்பரம் நின்னா பாக்கட்டும்னு. நிக்கல. அடுத்த வருசம் அவ இல்ல.” குரல் உயரவில்லை. “தள்ளுங்க.”

விலகி நின்றேன்.

ஏணிகள் தெரு வளைவில், அறுபதடிக்கு இப்பால், தரையில் கிடந்தன. இளைஞர்கள் எடுக்கப் போனபோது ஏணிமேல் ஆவுடை உட்கார்ந்திருந்தார். முறம் மடியில். பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பெண் வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னும் மூவர். இரண்டு ஏணிகளிலும் இடமில்லை.

“எந்திரிங்க அக்கா.”

“பத்துக் கட்டு பாக்கி இருக்கு. முடிச்சாத்தான் எந்திரிப்பேன்.”

“வெளையாடாதிய.”

“ஏணி வேணும்னா எங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போ. ஒன்னய விட நான் கனம். பாத்துக்கோ.”

யாரோ சிரித்தார்கள். வெயிலுமுத்து அருகில் வந்தார். “ஆவுடை, எந்திரி.”

“அண்ணாச்சி, ஒங்க வீட்டு மைனி உக்காந்திருந்த சேர நானும்தான் பாத்தேன்” என்றார் ஆவுடை. சுற்றுவதை நிறுத்தவில்லை. “சாமி வேணும்னா தாண்டிப் போகட்டும். நம்ம மேல கோவம்னா அடுத்த வருசம் நின்னு கேட்டுக்கிடலாம். ஒங்களத் தூக்கிட்டுப் போயி நாங்க எந்த வாசல்ல வைக்க?”

அவர் நின்றுகொண்டே இருந்தார். தோளில் மண் கூடை. அதிலிருந்து தண்ணீர் அவர் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் கூடையை வாங்கவில்லை, அவரும் இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் மூங்கில் முறிந்தது. வேட்டு வெடித்ததுபோல் சத்தம். எல்லோரும் திரும்பினோம். மதிலின் நடுவில் வழவழப்பான மண் ஒரு பாயைப் போலச் சுருண்டு கீழே வந்தது. நீலமும் சிவப்புமாக நாடாக்கள் தெரிந்தன. பின்னாலேயே சிமெண்டு முழுப் பலகையாகச் சாய்ந்தது. பிறகு உள்ளே இருந்த மண். மதில் இடியும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். இது ஈரமூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதுபோல் இருந்தது. தூசியே எழவில்லை.

மூன்று இருபது. ஆவுடை வீட்டின் தெருப்பக்கத்து அறை இல்லை. பக்கத்து வீட்டின் தாழ்வாரமும் இல்லை. ஆட்களை மூன்று முறை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

வெயிலுமுத்து அப்போதுதான் கூடையை இறக்கினார். ஆவுடை எழுந்து, மடியிலிருந்த சாவியைப் பார்த்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி மடியிலேயே செருகிக்கொண்டார்.

நேற்று நான் நினைத்தது நடந்துவிட்டது.

அக்டோபர் 18, வெள்ளி

சப்பரம் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியது. நான் மாடியிலேயே இருக்கலாம் என்று நினைத்தேன். ஆவுடை வந்து, “கூப்பிட்டுத்தான் வருவியளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். இறங்கிப் போனேன்.

கீழத்தெருவில் நின்றது. தெற்குத்தெருவில் நின்றது. மேலத்தெரு வளைவு திரும்பியதும் சப்பரம் தூக்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். தெருவை அடைத்துக்கொண்டு மண் மேடு, ஓர் ஆள் உயரம். போக வழியில்லை. திரும்பவும் முடியாது, சப்பரம் பின்னோக்கிப் போகக் கூடாது.

பூசாரி மேட்டைப் பார்த்தார், வெயிலுமுத்துவைப் பார்த்தார். முன்னால் போய் உள்ளங்கையை அழுத்தினார். கை மணிக்கட்டுவரை போனது. உருவி எடுக்கச் சற்றுச் சிரமப்பட்டார்.

ஆராதனை நடந்தது. அதன் பிறகும் சப்பரம் அங்கேயேதான். ஆண்களும் பெண்களும் மண்வெட்டி எடுத்து வழி வெட்டத் தொடங்கினார்கள். தெற்குத்தெருக்காரர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த தெருவின் மண்ணைத் தொடலாமா என்று யாரோ கேட்டார். “கீழ கெடந்தா அது கட்டு இல்ல, மண்ணு” என்றார் வெயிலுமுத்து. கொஞ்ச நேரம் கழித்துக் கீழத்தெருவிலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். பகல் இரண்டு மணிவரை நின்றது. இதுவரை எந்தத் தெருவிலும் சப்பரம் நாலு மணி நேரம் நின்றதில்லையாம்.

“அன்னைக்கு நிக்காமப் போனதுக்கும் சேத்து நிக்கி” என்றார் ஆவுடை. முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் வெட்டிக்கொண்டிருந்த இடம் அவருடைய அறை இருந்த இடம். நானும் ஒரு கூடை எடுத்துக்கொண்டேன். அவர் அதில் மண் போட்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

அறிக்கையை முடித்தேன். மதில் முழுவதற்கும் சிமெண்டு பூசும் திட்டத்தைக் கைவிட வேண்டும். மண் சாத்து வழக்கத்துக்குப் பொறியியல் அடிப்படை உண்டு. அந்த மண் மழையில் கரைவதற்காகவே பூசப்படுகிறது. ஆறு வீடுகளுக்கும் இழப்பீடு. அதில் ஓர் அறைக்கு இந்த மாதமே; பிரசவத்துக்கு வருகிறவள் இருக்கிறாள்.

ஜெபராஜ் கூப்பிட்டார். “மேடம், பழைய ரிப்போர்ட்ல யார் பேரும் இல்ல. துறைன்னுதான் இருக்கு. அப்படியே விட்டுரலாம். நவம்பர்ல உங்க விஷயம் வேற இருக்கு.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மின்னஞ்சல் போய்விட்டது, இரண்டாம் பக்கம் முதல் வரியில் பெயர் இருக்கிறது என்றேன். அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிப் பேருந்து. பையோடு மேலத்தெரு வழியாக நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. வெயிலுமுத்து தன் வாசலில் உட்கார்ந்து இடிபாட்டிலிருந்து எடுத்த நாடாக்களை அலசிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு ஆகுமாம். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே போய் ஒரு செம்போடு வந்து நீட்டினார்.

மோர். நின்று, முழுவதையும் குடித்தேன். உப்பு கொஞ்சம் அதிகம்.

பேருந்து போய்விட்டது. அடுத்தது மூன்றரைக்கு.